இணைப்பு இருக்கிறது, பக்கம் திறக்கவில்லை: ஃபார்மெட் கேட்பதற்கு முன்

"அண்ணா, வைஃபை கிடைக்கிறது, ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. ஃபார்மெட் செய்து கொடுத்துவிடுங்கள்." மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் நடத்தும் கணினிக் கடையில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. மடிக்கணினியை மேசைமேல் வைக்கும்போதே தீர்ப்பையும் சேர்த்து வைத்துவிடுகிறார்கள். எஸ்பிஎம் பள்ளித் தேர்வு முடிவு வந்து, அரசுப் பல்கலைக்கழக இடத்துக்கான யூபியூ விண்ணப்பம் போடும் வாரங்களிலும், உதவித்தொகைக்கு மனுச் செய்யும் நாள்களிலும் இந்தப் பேச்சு இன்னும் கூடும். அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தக் கோளாறுக்கு ஃபார்மெட் தேவைப்படுவது மிக அரிது. பல வேளைகளில் அது பயனும் தராது. கோளாறு ரவுட்டரில் இருந்தால், கணினியைத் துடைத்து வைத்தாலும் பக்கம் திறக்கப் போவதில்லை. ஆனால் கணினியில் இருந்த திருமணப் படங்களும், பிள்ளைகளின் சான்றிதழ் நகல்களும், கோயில் நிர்வாகக் கணக்கும் போனது போனதுதான். நகல் எடுத்து வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் வேரூன்றவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். திரையின் மூலையில் விசிறிபோல் தெரியும் வைஃபை குறி நிறைந்திருந்தால், உங்கள் கணினிக்கும் கூடத்தில் இருக்கும் ரவுட்டருக்கும் இடையே அலை நன்றாக இருக்கிறது என்று மட்டுமே பொருள். ரவுட்டருக்கு அப்பால் என்ன நடக்கிறது என்பதை அந்தக் கோடுகள் சொல்வதில்லை. அதை அறிய விண்டோஸ் தனியாக ஒரு சோதனை செய்கிறது. மைக்ரோசாப்டின் வழங்கியிலிருந்து (சர்வர்) ஒரு சிறிய எழுத்துக் கோப்பைக் கேட்கும்; வராவிட்டால் விசிறி மறைந்து உருண்டைப் பந்து ஒன்று தோன்றும், 'இணையம் இல்லை' என்றும் சொல்லும். அந்தக் கோப்பு வந்துவிட்டது என்பதற்காக உங்கள் உலாவிக்கும் வழி திறந்திருக்கிறது என்று எண்ணிவிட முடியாது. இடையில் இன்னும் பல கதவுகள் உள்ளன.

எந்தக் கதவு மூடியிருக்கிறது என்று கண்டுபிடிக்கச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. கைப்பேசியை எடுத்து, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, அதே வீட்டு வைஃபையில் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். டேட்டாவை அணைப்பது முக்கியம். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். வைஃபையில் இணையம் இல்லை என்றால் கைப்பேசி ஓசையில்லாமல் சிம் வழியாகப் போய்ப் பக்கத்தைக் கொண்டுவந்துவிடும், நாமும் ரவுட்டர்மேல் குற்றமில்லை என்று முடிவு செய்துவிடுவோம். கைப்பேசியில் திறக்கிறது, கணினியில் திறக்கவில்லை என்றால் கோளாறு கணினிக்குள். இரண்டிலும் திறக்கவில்லை என்றால் ரவுட்டரில் அல்லது வெளியே இருக்கும் லைனில். ஐயம் தீரவில்லையா? மொபைல் டேட்டாவை மறுபடி திறந்து, கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் போட்டு, கணினியை அதில் இணைத்துப் பாருங்கள். அங்கே பக்கம் திறந்தால் கணினியைக் கடைக்குத் தூக்கி வரும் வேலையே இல்லை.

பட்டணத்துத் தாமான்களுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிகளுக்கு, ஃபைபர் வந்துவிட்டது. தோட்டத்து உள்பகுதிகளில் இன்னும் சிம் போட்ட மோடம்தான் துணை. அங்கே கோளாறு என்று வருவதில் ஒரு பகுதி கோளாறே அல்ல, டேட்டா தீர்ந்திருக்கும். சில திட்டங்களில் டேட்டா முடிந்த பிறகும் புலனம் (வாட்ஸ்அப்) போன்ற செயலிகள் மட்டும் ஓடும். பிள்ளை செய்தி அனுப்பிக்கொண்டிருப்பான், பள்ளிப் பாடத்துக்கான டெலிமா பக்கம் மட்டும் திறக்காது. வீட்டில் எல்லாரும் கணினியைச் சந்தேகிப்பார்கள். நிறுவனத்தின் செயலியில் இருப்பைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் விடை தெரிந்துவிடும். பழைய யுஎஸ்பி டொங்கிள் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி: மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியோடு நிறுத்தப்பட்டது. 4ஜி அறியாத டொங்கிள் 2ஜி அலையைப் பிடித்துக்கொண்டு இணைந்ததாகக் காட்டலாம். இன்றைய பக்கங்களை இழுக்க அந்த வேகம் போதாது. அதற்கு மருந்து புதிய மோடம்தான்.

இனி டிஎன்எஸ். இணைப்பு இருந்தும் பக்கம் வராத வீடுகளில் நான் முதலில் பார்க்கும் இடம் இது. நாம் உலாவியில் எழுதுவது பெயர். இணையம் வேலை செய்வது எண்களில். பெயருக்கு உரிய எண்ணைத் தேடித் தருவது டிஎன்எஸ். அந்தக் காலத் தோட்டத்தில் எல்லாக் கடிதமும் தோட்ட அலுவலகத்துக்கு வரும். உறையில் பெயர் மட்டும் இருக்கும். அவர் எந்த லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசை) எத்தனையாவது வீடு என்பது அலுவலக எழுத்தரான கிராணிக்குத் தெரியும். கிராணி வராத நாளில் சாலை திறந்திருந்தும் கடிதம் மேசையிலேயே கிடக்கும். டிஎன்எஸ் பதில் சொல்லாதபோது நடப்பதும் அதுதான். புலனம் மட்டும் ஓடுகிறதே என்றால், அது ஏற்கெனவே திறந்து வைத்த தொடர்பின் வழியே ஓடிக்கொண்டிருக்கிறது. புதிதாக யாரிடமும் எண் கேட்க வேண்டியதில்லை.

இதைச் சோதிக்கக் கணினியில் கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற கறுப்புத் திரையைத் திறந்து, பிங் கட்டளையோடு 8.8.8.8 என்று கொடுங்கள். பதில் வந்தால் பாதை சரி. அடுத்து அதே கட்டளையை ஓர் இணையதளத்தின் பெயரோடு கொடுங்கள். பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று வந்தால் டிஎன்எஸ்தான் குற்றவாளி. முதலில் ரவுட்டரை அணைத்து ஒரு நிமிடம் பொறுத்துப் போடுங்கள். தீரவில்லை என்றால் கணினியின் நெட்வொர்க் அமைப்பில் டிஎன்எஸ் 'தானியங்கி' என்று இருக்கிறதா, யாராவது எண்களைக் கையால் எழுதி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 ஆகியவை பலரும் அறிந்த பொது டிஎன்எஸ் எண்கள். நீங்களோ உங்களுக்குத் தெரிந்தவரோ எழுதாத, இவற்றோடும் உங்கள் சேவை நிறுவனத்தோடும் சேராத எண்கள் அங்கே இருந்தால் அதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? கிராணியையே மாற்றி வைத்த திருட்டு ஒன்று உலகளவில் நடந்திருக்கிறது. டிஎன்எஸ்சேஞ்சர் என்ற தீநிரல் கணினிகளின் டிஎன்எஸ் எண்களைத் திருடர்களின் வழங்கிகளுக்குத் திருப்பிவிட்டது. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லோடு கிடந்த வீட்டு ரவுட்டர்களின் எண்களையும் அது மாற்றியது. 2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ எடுத்த நடவடிக்கையில் அந்தக் கும்பல் பிடிபட்டபோது ஏறக்குறைய 40 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டிருந்தன. திருட்டு வழங்கிகளை உடனே அணைத்தால் அத்தனை வீடுகளிலும் இணையம் நின்றுவிடும் என்பதால், நீதிமன்ற அனுமதியோடு அவற்றின் இடத்தில் நல்ல வழங்கிகளைத் தற்காலிகமாக வைத்தார்கள். 2012 ஜூலை 9 அன்று அவையும் அணைக்கப்பட்டன. அதுவரை தங்கள் கணினியைச் சுத்தம் செய்யாதவர்களுக்கு அன்று இணைப்பு இருந்தது, பக்கம் திறக்கவில்லை. அந்தக் கும்பல் போய்விட்டது. வழி இன்னும் இருக்கிறது. உங்கள் ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குப் பெயரும் கடவுச்சொல்லும் இரண்டுமே 'அட்மின்' என்று இருந்தால் இன்றே மாற்றுங்கள். வைஃபை கடவுச்சொல் வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றென எண்ணிக்கொண்டிருக்கும் வீடுகள் நிறைய.

நம் நாட்டிலும் டிஎன்எஸ் செய்தியானது உண்டு. 2024இல், பொது டிஎன்எஸ் வழங்கிகளுக்குப் போகும் கேள்விகளைத் தங்கள் சொந்த வழங்கிகளுக்குத் திருப்பும்படி மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் இணைய நிறுவனங்களுக்குக் கட்டளையிட்டது. எதிர்ப்பு எழுந்தது. அதைச் செயல்படுத்த வேண்டாம் என்று ஆணையத்திடம் கேட்டுக்கொண்டதாக தொடர்பு அமைச்சர் ஃபாமி ஃபட்சில் அவ்வாண்டு செப்டம்பர் 8இல் அறிவித்தார். சரியா தவறா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. ஒரு வீட்டின் டிஎன்எஸ் எங்கே போகிறது என்பது அந்த வீட்டாருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் அக்கறை.

டிஎன்எஸ் நலமாக இருந்தும் உலாவி அடம்பிடித்தால் பிராக்ஸியை, அதாவது உலாவிக்கும் இணையத்துக்கும் நடுவே நிற்கும் இடைவழியை, பாருங்கள். இலவசப் பாட்டு, திருட்டுப் படம், 'கணினியை வேகமாக்கும்' மென்பொருள் என்று எதையாவது இறக்கும்போது கூடவே விளம்பர நிரல் ஒன்று நுழைந்து, உலாவியின் போக்குவரத்து எல்லாம் தன் வழியே போகும்படி பிராக்ஸி அமைப்பை எழுதிவிடும். பிறகு ஆன்டிவைரஸ் அந்த நிரலை அழிக்கும்; அது எழுதிய அமைப்போ அப்படியே நிற்கும். உலாவி இல்லாத வாசலைத் தட்டிக்கொண்டிருக்கும். 'ஆன்டிவைரஸ் போட்ட பிறகுதான் கெட்டது' என்று சொல்லி வருபவர்களிடம் நான் காணும் காரணங்களில் இது ஒன்று. விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் பிராக்ஸியைத் தேடி, கையால் அமைக்கும் பொத்தான் திறந்திருந்தால் அணைத்துவிடுங்கள். ஃபயர்ஃபாக்ஸுக்குத் தனியாகவும் பிராக்ஸி அமைப்பு உண்டு. காலாவதியான ஆன்டிவைரஸும் அரைகுறையாக நீக்கிய விபிஎன்னும் இதே தொல்லையைத் தரும். இவை எல்லாம் பார்த்தும் தீரவில்லை என்றால், அதே பகுதியில் இருக்கும் 'நெட்வொர்க் ரீசெட்' ஒரு நல்ல மருந்து. கோப்புகள் எதையும் அது தொடாது. வைஃபை கடவுச்சொல்லையும் மற்ற நெட்வொர்க் அமைப்புகளையும் மறந்துவிடும், மறுபடி கொடுக்க வேண்டும்.

அடுத்தது கடிகாரம். கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள், ஆனால் இடிமழை ஊரில் இது மெய்யான கோளாறு. பிற்பகலில் இடி தொடங்கினால் நாம் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறோம். செய்ய வேண்டியதுதான். மின்சாரம் முற்றாக நின்றபோது மேசைக் கணினியின் தேதியைக் காப்பது மதர்போர்டில் உள்ள சிஆர்2032 என்ற வட்ட பேட்டரி மட்டுமே. பழைய கணினியில் அது செத்திருக்கும். மறுநாள் கணினி பல ஆண்டுகள் பின்னோக்கிய தேதியில் விழித்துக்கொள்ளும். இணையதளம் ஒவ்வொன்றும் தன்னை மெய்ப்பிக்க ஒரு சான்றிதழ் காட்டுகிறது. அதற்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. 2010இல் நிற்கும் கணினிக்கு இன்றைய சான்றிதழ் எல்லாம் இன்னும் பிறக்காதவை, எனவே 'பாதுகாப்பற்ற தொடர்பு' என்று கதவைச் சாத்திவிடும். தேதி வெகுதூரம் பிசகியிருந்தால் விண்டோஸ் தானே திருத்தும் என்று காத்திருக்க வேண்டாம். கையால் மாற்றுங்கள், சில வெள்ளிக்குக் கிடைக்கும் அந்த பேட்டரியையும் மாற்றுங்கள். தேதி சரியாக இருந்தும் இதே எச்சரிக்கை வங்கிப் பக்கத்தில் வந்தால் நிலைமை வேறு. 'பரவாயில்லை, தொடர்' என்பதை அழுத்தாதீர்கள்.

விண்டோஸ் 7இலேயே நிற்கும் கணினிகளுக்கு 2020 ஜனவரி 14க்குப் பிறகு பொதுவான பாதுகாப்புத் திருத்தம் இல்லை. குரோமும் 109ஆம் பதிப்போடு அவற்றைக் கைவிட்டது. சில பக்கங்கள் அங்கே திறக்காமல் போவது இயல்பு. தானமாகக் கிடைத்த கணினியில் பிள்ளைகள் படிக்கும் வீடுகளில் இது அதிகம். வன்பொருள் தாங்குமானால் லினக்ஸ் போட்டுத் தருவதை நான் விரும்பிச் செய்கிறேன்.

ரவுட்டரின் பின்னால் இருக்கும் குண்டூசித் துளையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அணைத்துப் போடுவது வேறு, அந்தத் துளையைக் குத்துவது வேறு. ஃபைபர் லைன்களில் பலவும் பிபிபிஓஇ என்ற முறையில், ரவுட்டருக்குள் எழுதப்பட்ட பயனர் பெயரோடும் கடவுச்சொல்லோடும் இயங்குகின்றன. குத்தினால் அவை அழிந்துவிடலாம். பிறகு வைஃபை நிறைவாகக் காட்டும், இணையம் மட்டும் இருக்காது. லைன் பொருத்த வந்தவர் கொடுத்த தாளைப் பத்திரப்படுத்துங்கள். தாள் தொலைந்திருந்தால் நிறுவனத்திடம் கேட்டு வாங்கிய பிறகு துளையைத் தொடுங்கள். சொந்தமாக ரவுட்டர் வாங்கி மாட்டியவர்களுக்குச் சில தளங்கள் மட்டும் பாதியில் தொங்கினால், அதன் எம்டியூ அளவு (ஒரு தடவையில் அனுப்பும் தரவுப் பொட்டலத்தின் உச்ச அளவு) 1492ஐத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். வழக்கமான 1500இல் 8 பைட்டுகளைப் பிபிபிஓஇ எடுத்துக்கொள்ளும்.

பக்கம் திறக்காத பதற்றத்தில் இருப்பவர்களைத் தேடி ஒரு கூட்டம் காத்திருக்கிறது. 'உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணை அழையுங்கள்' என்று திரை முழுவதும் அலறும் பக்கங்கள், இணைய நிறுவனத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி வரும் அழைப்புகள். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவற்றை நிறுவச் சொல்வார்கள். அந்த மென்பொருள்கள் நல்லவைதான், ஆனால் முன்பின் அறியாதவர் கையில் அது உங்கள் வீட்டுச் சாவி. 'லைனைச் சோதிக்க' வங்கிக் கணக்கில் நுழையச் சொன்னால் அந்த நொடியே வைஃபையை அணையுங்கள். சரிசெய்பவர் யாருக்கும், நான் உட்பட, உங்கள் வங்கிக் கடவுச்சொல்லோ, பணப் பரிமாற்றத்தை உறுதிசெய்ய வரும் டேக் எண்ணோ தேவைப்படுவதே இல்லை. வீட்டில் தனியாக இருக்கும் அம்மா அப்பாவுக்கு இதைத் தமிழில், பொறுமையாகச் சொல்லி வையுங்கள்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் கூச்சப்பட்டுப் பொழுது கழிக்காதீர்கள். வேறொரு கைப்பேசியிலிருந்து உடனே வங்கியின் அவசர எண்ணையோ, தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணையோ அழையுங்கள்; பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு விரைவாகக் கைமாறும், முடக்குவதற்கான நேரம் குறைவு. கணினியைக் கடைக்குக் கொண்டுவருவது அதற்கெல்லாம் பிறகு.