முகத்துக்குப் போகும் முன் முழங்கைக்கு

எலுமிச்சை மூடியை முகத்தில் தேய்த்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, அரைகுறையாகக் கழுவிக்கொண்டு உச்சி வெயிலில் கடைக்குப் போய் வருபவர்கள் பலர். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஓரிரு நாள் கழித்துக் கன்னம் சிவந்து எரியலாம். சிலருக்குக் கொப்புளமே வரும். அது ஆறிய பிறகு, சாறு வழிந்த தடத்திலேயே பழுப்புக் கறை தங்கிவிடும். மறைய வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். எலுமிச்சையில், அதிலும் அதன் தோலில், ஃபுரானோகூமரின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால் அது தோலைச் சுட்டுவிடும். இரவில் தடவினால் இந்த ஆபத்து குறையும் என்பது உண்மைதான். ஆனால் சாற்றின் புளிப்பு இரவிலும் புளிப்புதான். நம் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத் தன்மை கொண்டது, அமிலத்தையும் காரத்தையும் அளக்கும் பிஎச் அளவில் ஏறத்தாழ 5. எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டி இருக்கும். அந்த அளவுகோலில் ஒரு படி இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடும் என்று கணக்கு. அப்படியானால் தோல் பழகியதைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு கூடிய அமிலத்தை முகத்தில் பூசுகிறோம்.

ஆப்ப சோடா இதற்கு நேர் எதிர்த் திசை. அதைக் கரைத்தால் பிஎச் 8-ஐத் தாண்டும். தோலின் ஈரத்தைக் காக்கும் கொழுப்புப் படலம் உருவாக லேசான அமிலச் சூழல் வேண்டும். அதைத் தினமும் காரத்தால் குலைத்தால் தோல் வறண்டு, வெடித்து, எது பட்டாலும் எரியும்.

நம்மைப் போன்ற மாநிறத் தோலுக்கு இதில் தனிப்பட்ட கவலை ஒன்று உண்டு. எந்தக் காயத்துக்கும், எரிச்சலுக்கும், உரசலுக்கும் நம் தோல் தரும் பதில் கூடுதல் நிறமி. வெளிநாட்டு வீடியோவில் சிவந்து இரண்டு நாளில் மறைவது நம் முகத்தில் ஆறு மாதக் கருமையாக நிற்கும். நிறம் கூட்டச் செய்த முயற்சி நிறத்தைக் கெடுப்பது இப்படித்தான். அதனால் வீட்டில் எதையும் செய்யாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. வீட்டில் செய்யத்தக்கவை நிறைய இருக்கின்றன, பத்து இருபது ரூபாயில் முடிபவையும் உண்டு. ஆனால் அதைச் சோதனை என்று சொன்னால், சோதனைக்கு உரிய ஒழுங்கோடு செய்ய வேண்டும்.

ஏழு நாள், ஒரு ரூபாய் அளவு

முன்கையின் உட்புறம், முழங்கை மடிப்புக்குச் சற்றுக் கீழே, ஒரு ரூபாய் நாணயம் அளவு இடம் போதும். முகத்தில் எவ்வளவு கெட்டியாக, எவ்வளவு நேரம் பூச நினைக்கிறீர்களோ, அதே கெட்டி, அதே நேரம். காலை ஒரு முறை, மாலை ஒரு முறை, ஏழு நாள். கழுவித் துடைக்கும் பொருளானால் அங்கேயும் கழுவித் துடையுங்கள். க்ரீம் போலத் தடவி விடும் பொருளானால் விட்டுவிடுங்கள்.

"ஒரு நாள் தடவிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்பது போதாது. எரிச்சல் வேறு, ஒவ்வாமை வேறு. எரிச்சல் பெரும்பாலும் சில நிமிடங்களில் அல்லது சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஒவ்வாமை தாமதித்து வரும். ஏற்கனவே ஒவ்வாமை உள்ளவருக்கே அரிப்பும் தடிப்பும் வெளிப்பட ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகலாம். முதல் முறை பழகும் உடம்பு ஒவ்வாமையைக் கற்றுக்கொள்ள ஒரு வாரத்துக்கு மேலும் எடுத்துக்கொள்ளும். இரண்டாவது மாதம் திடீரென்று அரிப்பு வந்தால் "இத்தனை நாள் ஒத்துக்கொண்டதே" என்று அந்தப் பொருளைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடாதீர்கள்.

இன்னொன்று: ஒரு நேரத்தில் ஒரே பொருள். எட்டுப் பொருள் கலந்த பூச்சில் அரிப்பு வந்தால் எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, மருத்துவராலும்தான்.

பலன் தருகிறதா என்று பார்க்கவும் ஒரு எளிய வழி இருக்கிறது: பாதி உடம்பில் மட்டும் செய்வது. பித்தவெடிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு இரண்டு பாதங்களையும் வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் ஊறவையுங்கள். ஈரம் முழுதும் காய்வதற்குள் வலது குதிகாலில் மட்டும் வாசலினைப் பூசி, பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு தூங்குங்கள். இடது காலுக்குக் காலுறை மட்டும். இரண்டு வாரம் இதையே செய்து, முதல் நாளும் கடைசி நாளும் ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் புகைப்படம் எடுங்கள். வாசலின் ஈரத்தைக் கொடுப்பதில்லை, உள்ளே இருப்பதை ஆவியாகாமல் தடுக்கிறது. அதனால்தான் ஊறவைத்த உடனே பூச வேண்டும். காய்ந்த காலில் பூசினால் பிசுபிசுப்புதான் மிச்சம். தடித்த வெடிப்புக்கு யூரியா கலந்த க்ரீம் இன்னும் நன்றாக வேலை செய்யும், மருந்துக் கடையில் கிடைக்கும். சர்க்கரை நோயாளிகள் பிளேடு, கல், சூடான தண்ணீர் மூன்றையும் தவிர்க்க வேண்டும். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் சுடுவதும் வெட்டுவதும் தெரியாது.

நலங்கு மாவு: முதலில் பயறு மட்டும்

சோப்புக்கு மாற்றாக நம் வீடுகளில் இருப்பதில் நல்லது பயத்த மாவுதான். முதல் இரண்டு வாரம் வெறும் பச்சைப்பயறை அரைத்துப் பயன்படுத்துங்கள். ஒத்துக்கொண்டால் அதன் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். கால் கிலோ பயறுக்கு கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, உலர்ந்த ஆவாரம்பூ, வெட்டிவேர் ஒவ்வொன்றும் 25 கிராம் என்பது தாராளமான அளவு. மஞ்சளை மட்டும் அதற்கு மேல் கூட்ட வேண்டாம்.

இதில் கெட்டுப்போவது பெரும்பாலும் மூன்று இடங்களில். ஒன்று, சரியாகக் காயாமை. பூவும் வேரும் கையால் நொறுங்கும் வரை காயாவிட்டால் டப்பாவுக்குள் பூஞ்சை பிடிக்கும். இரண்டாவது, மாவு மில். உங்களுக்கு முன் யாராவது மிளகாய் அரைத்திருந்தால் அந்த மிச்சம் உங்கள் மாவில்தான் வரும். கோதுமையோ அரிசியோ அரைத்த பிறகு போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வீட்டு மிக்ஸியிலேயே கொஞ்சமாக அரையுங்கள். மூன்றாவது, சலிப்பது. சாதாரண சல்லடையில் சலித்தால் வெட்டிவேர்த் துகள் முள் போல நிற்கும். மெல்லிய வெள்ளைத் துணியில் சலிக்க வேண்டும்.

பூசும்போது இரண்டு தேக்கரண்டி மாவைத் தண்ணீரில் தளரக் கரையுங்கள். முகத்தில் இறுகிக் காயும் வரை விடக் கூடாது. காய்ந்த மாவைத் தேய்த்து உதிர்ப்பது உப்புத்தாளால் தேய்ப்பது போலத்தான். மூன்று நான்கு நிமிடத்தில், ஈரமாக இருக்கும்போதே தண்ணீர் விட்டு வழித்துக் கழுவுங்கள். கரைத்ததில் மிஞ்சியதை நாளைக்கு வைக்க வேண்டாம். தண்ணீர் பட்ட எந்த வீட்டுத் தயாரிப்புக்கும் இதே விதிதான், ஏனென்றால் அதில் கிருமி வளர்வதைத் தடுக்கும் பொருள் எதுவும் இல்லை.

மஞ்சள் தூளைக் கடையில் வாங்குபவர்கள் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி மஞ்சள் தூளைப் போட்டு ஆடாமல் வையுங்கள். நல்ல தூள் மெல்ல அடியில் படியும், மேல்நீர் வெளிர் மஞ்சளாக இருக்கும். சாயம் கலந்திருந்தால் தண்ணீர் முழுதும் அடர்ந்த மஞ்சளாகும். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ வீடுகளுக்குச் சொல்லும் முறை இது.

கற்றாழையில் பலர் தவறவிடும் படி ஒன்று இருக்கிறது. மடலை வெட்டியதும் அடிப்பக்கத்திலிருந்து மஞ்சள் நிறப் பால் கசியும். அரிப்பு பெரும்பாலும் அதனால்தான். மடலை நிமிர்த்தி வைத்து 15 நிமிடம் வடியவிட்டு, கழுவி, தோலைச் சீவி, உள்ளே இருக்கும் கண்ணாடி போன்ற சதையை மட்டும் எடுத்து மறுபடி கழுவுங்கள். குளிர்பதனப் பெட்டியில் வைத்தாலும் இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம்.

மருதாணி கறுப்பதில்லை

வீட்டுச் சோதனைகளில் மிகக் கடுமையான ஒவ்வாமை வருவது தலைச் சாயத்தில். மருதாணி இலையின் இயல்பான நிறம் ஆரஞ்சு கலந்த செம்பழுப்பு, அது பிடிக்கவும் சில மணி நேரம் ஆகும். "மருதாணி" என்று பெயர் போட்ட பொட்டலம் அரை மணி நேரத்தில் கருகருவென்று ஆக்குகிறது என்றால், அதில் பெரும்பாலும் பாராபினைலின்டயமின் என்ற சாயம் கலந்திருக்கிறது. சுருக்கமாக பிபிடி என்பார்கள். கல்யாண வீட்டில் கையில் போடும் கறுப்பு மருதாணியிலும் இதுவே இருக்கக்கூடும். ஒரு முறை உடம்பு இதற்கு ஒவ்வாமை பழகிவிட்டால் அது ஆயுளுக்கும் போகாது என்றே கொள்ள வேண்டும். பத்து வருடம் கழித்துத் தலைக்குச் சாயம் அடிக்கும்போது வெளிப்படும். உச்சந்தலைத் தோல் தடித்தது என்பதால் அங்கே அவ்வளவாகத் தெரியாது; கண்ணிமை வீங்கி மூடிக்கொள்ளும், காதும் கழுத்தும் நீர் கசியும். அதனால் சாயத்தைக் காதுக்குப் பின்னால் சிறிதளவு தடவி 48 மணி நேரம் பார்த்த பிறகே தலைக்கு. ஒவ்வொரு முறையும்.

கறுப்பு வேண்டும் என்பவர்களுக்குப் பழைய முறை இரண்டு நாள் வேலை. முதல் நாள் தோள்வரை முடிக்கு 100 கிராம் மருதாணிப் பொடியை, ஆறிய தேநீர் டிகாக்‌ஷனில் தயிர்ப் பதத்துக்குக் கரைத்து, இரவு முழுதும் மூடிவைத்து, காலையில் இரண்டு முதல் நான்கு மணி நேரம் பூசி, வெறும் தண்ணீரில் அலசுங்கள். மறுநாள் அவுரி இலைப் பொடி. இதை முந்தைய இரவே கரைத்து வைத்தால் வீண். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து 10 அல்லது 15 நிமிடத்தில் பூச ஆரம்பித்துவிட வேண்டும். எலுமிச்சை, தயிர் எதுவும் அதில் சேரக் கூடாது, புளிப்பு அவுரியின் நிறத்தைப் பிடிக்கவிடாது. ஒன்றரை மணி நேரம் கழித்து அலசும்போது பச்சையாகத் தெரிந்தால் பதற வேண்டாம். காற்றுப் பட்டு ஒன்றிரண்டு நாளில்தான் கறுக்கும். அதுவரை ஷாம்புவும் சீயக்காயும் ஆகாது.

ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு உண்மையான மருதாணியும் ஆகாது. சிவப்பணுக்கள் சிதைந்து மஞ்சள்காமாலை வரக்கூடும். கைக்குழந்தைகளுக்கு வைக்காமல் இருப்பதே சரி.

பொடுகுக்கு எண்ணெய் வைப்பதையும் இங்கே சொல்லிவிடலாம். பொடுகுக்குக் காரணமான மலசீசியா என்ற பூஞ்சை கொழுப்பைத் தின்றுதான் வளர்கிறது. தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்கு நல்லது. குளிப்பதற்கு முன் வைத்தால் முடியின் புரத இழப்பு குறையும். ஆனால் பொடுகு உள்ள தலையில் எண்ணெயை ஊறவைப்பது பூஞ்சைக்குச் சோறு போடுவதாகும். முடியின் நடுவிலிருந்து நுனிவரை மட்டும் தடவுங்கள். பொடுகுக்குக் கீட்டோகொனசோல் 2 சதவீத ஷாம்புவை வாரம் இரண்டு முறை, தலையில் ஐந்து நிமிடம் விட்டு அலசினால் போதும்.

தேய்த்தால் போகாத கருமை

கழுத்துப் பின்புறமும் அக்குளும் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்திருந்தால் அது அழுக்கு அல்ல. அதற்குப் பெயர் அகாந்தோசிஸ் நிக்ரிகான்ஸ். பெரும்பாலும் உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளம். பள்ளிப் பிள்ளைகளின் கழுத்தை நார் வைத்துத் தேய்த்துப் புண்ணாக்கும் அம்மாக்கள் பாவம், அவர்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை. உருளைக்கிழங்கும் எலுமிச்சையும் வைப்பதற்குப் பதில் எடை பாருங்கள், வெறும் வயிற்றுச் சர்க்கரையும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சியும் எடுத்துப் பாருங்கள். எடை குறையக் குறைய அந்தக் கருமையும் மெல்லக் குறையும்.

மங்குக்கு ஜாதிக்காய் உரைத்துப் போடுபவர்கள் அதன் காட்டம் தோலை எரித்து மங்கை இன்னும் அடர்த்தியாக்குவதைக் கவனிக்க வேண்டும். வெயில் படாமல் காப்பதுதான் மங்குக்குப் பாதி வைத்தியம்.

நாலு க்ரீம்களை வீட்டிலேயே கலந்து "ஃபார்முலா க்ரீம்" செய்வதை மட்டும் எந்த ஒழுங்கோடும் சோதிக்க வேண்டாம். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மோமெட்டசோன் என்ற பெயர் ட்யூபில் இருந்தால் அது ஸ்டீராய்டு. முதல் இரண்டு வாரம் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் தெரிந்து, பருவும் ரோமமும் வரும். நிறுத்தினால் முன்பைவிட மோசமாகச் சிவக்கும். ஏற்கனவே மாதக்கணக்கில் பூசி வருபவர்கள் தாங்களாக ஒரே நாளில் நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

குடிப்பவற்றைப் பற்றிச் சுருக்கமாக. சுரைக்காய்ச் சாறு குடிப்பவர்கள் அரைக்கும் முன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக்காயையும் எறிந்துவிடுங்கள். அந்தக் கசப்பு குக்கர்பிட்டாசின் என்ற நஞ்சு. ரத்த வாந்தியும் ரத்த அழுத்தச் சரிவும் வந்து உயிரிழப்பு வரை போயிருக்கிறது. வேறு சாறு கலந்து கசப்பை மறைத்துக் குடிப்பதுதான் மிக ஆபத்து. பிலிம்பிக்காய்ச் சாற்றை நிறையக் குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்கள் கேரளத்தில் உண்டு. அதில் ஆக்சலேட் அதிகம். குழந்தையின் மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாகலாம்.

எரிந்தால்

உடனே ஓடும் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். காட்டமான பூச்சானால் 20 நிமிடம் வரை கழுவலாம். ஐஸ், பற்பசை, தயிர், அதற்கு மேல் இன்னொரு இலைச்சாறு எதுவும் வேண்டாம். பிறகு மெல்லிய வாசலின், வெயில் படாத இடம். எருக்கம்பால் போன்றது கண்ணில் பட்டால் 20 நிமிடம் கழுவிவிட்டு அன்றே கண் மருத்துவர். உதடு, நாக்கு வீங்கினால் அல்லது மூச்சு திணறினால் 108.

மருத்துவரிடம் போகும்போது மிச்சமிருக்கும் பொடியையும் அது வந்த பொட்டலத்தையும் கையில் கொண்டுபோங்கள். தடிப்பு அடங்கியபின் முதுகில் பேட்ச் டெஸ்ட் செய்வார்கள். சந்தேகப்படும் பொருள்களைச் சின்னச் சின்ன வில்லைகளில் ஒட்டி 48 மணி நேரம் விட்டு, எடுத்த அன்றும் அதற்கு இரண்டு நாள் கழித்தும் பார்ப்பார்கள். அந்த நாட்களில் முதுகு நனையக் கூடாது, வியர்க்கக் கூடாது என்பதால் சித்திரை வைகாசியைத் தவிர்த்து நாள் கேளுங்கள்.