உலக ஜூடோ வாகையர் போட்டி: சொல் விளக்கம்

ஆங்கிலத்தில் இந்தப் போட்டியின் பெயர் பன்மையில் இருக்கிறது: 'உலக ஜூடோ சாம்பியன்ஷிப்ஸ்'. தமிழ்ச் செய்திகளுக்கு வரும்போது கடைசி எழுத்து உதிர்ந்து 'சாம்பியன்ஷிப்' என்று ஒருமையாகிவிடுகிறது. உதிர்ந்த அந்த 'ஸ்' சும்மா ஒட்டிக்கொண்டிருந்த எழுத்தன்று. ஆடவருக்கு 7 எடைப்பிரிவுகள், மகளிருக்கு 7 எடைப்பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் தனியாக ஓர் உலகப் பட்டம். ஒரே அரங்கில் சில நாள்களுக்குள் 14 பட்டங்களுக்கான போட்டிகள் நடந்து முடிகின்றன. தமிழில் பெயர் வைக்கிறவர்கள் இந்தப் பன்மையைத் தொலைத்துவிடக்கூடாது என்பது என் கட்சி.

முதலில் 'சாம்பியன்'. லத்தீனில் 'காம்புஸ்' என்றால் சமவெளி, திறந்த வெளி; படைகள் பயிற்சி செய்யும் களத்துக்கும் அந்தச் சொல்லே வழங்கியது. களத்தில் இறங்கிப் பொருதுபவன் பிற்கால லத்தீனில் 'காம்பியோ' ஆனான். அங்கிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது சாம்பியன். கல்லூரி 'கேம்பஸ்', பாசறை 'கேம்ப்' இரண்டும் இதே வேரில் கிளைத்தவை. 'ஷிப்' என்ற விகுதிக்கும் கப்பலுக்கும் எந்த உறவும் கிடையாது. நிலை, தன்மை, பதவி ஆகியவற்றைக் காட்டும் பழைய ஆங்கில ஒட்டு அது. ஆகவே 'சாம்பியன்ஷிப்' முதலில் குறித்தது சாம்பியனாக இருக்கும் நிலையை, அதாவது பட்டத்தை. பட்டத்துக்காக நடக்கும் போட்டியையும் அதே பெயரால் அழைப்பது பின்னால் சேர்ந்த வழக்கம்.

இடையில் இந்தச் சொல்லுக்கு ஒரு விசித்திரமான வாழ்க்கை இருந்தது. இடைக்கால ஐரோப்பாவில் சில வழக்குகளைச் சண்டையிட்டுத் தீர்த்துக்கொள்ளும் முறை உண்டு. வாதியும் பிரதிவாதியும் மோதுவார்கள். வென்றவர் பக்கமே நியாயம் என்று முடிவாகும். பெண்கள், முதியவர்கள், நோயாளிகள், மதகுருமார் போன்றோர் தங்கள் சார்பில் வேறொருவனைக் களத்தில் இறக்கலாம். அவனுக்கும் சாம்பியன் என்றே பெயர். ஒரு கொள்கைக்காக வாதாடுபவரை ஆங்கிலத்தில் இன்றும் அதன் சாம்பியன் என்பது அந்த வழக்கத்தின் மிச்சம். பெண்ணுக்குப் பதிலாகச் சண்டையிட்டவனைக் குறித்த பெயர், இன்று 48 கிலோ பிரிவில் தானே சண்டையிட்டு வெல்லும் பெண்ணுக்கும் உரியதாகியிருக்கிறது.

ஜூடோவில் அதற்கு நீண்ட காலம் பிடித்தது. 1956இல் டோக்கியோவில் நடந்த முதல் உலகப் போட்டி ஆடவருக்கு மட்டுமானது. எடைப்பிரிவு எதுவும் இல்லை. இருந்தது ஒரே பட்டம், அதை வென்றவர் ஜப்பானின் ஷோகிச்சி நட்சுய். ஜூடோவில் உடல் பருமன் ஒரு பொருட்டில்லை என்ற நம்பிக்கை அப்போது வலுவாக இருந்தது. 1961இல் பாரிஸில் நெதர்லாந்தின் நெடிய மனிதர் ஆன்டன் கீசிங்க் பட்டத்தைத் தட்டிச் சென்றார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கிலும் எடை வரம்பற்ற பிரிவில் ஜப்பானின் அகியோ கமினாகாவை வென்றார். அந்த ஒலிம்பிக்கிலேயே எடைப்பிரிவுகள் வந்துவிட்டன. உலகப் போட்டிக்கு 1965இல் ரியோ டி ஜெனிரோவில் வந்தன. பெயரிலுள்ள பன்மைக்கு அப்போதுதான் பொருள் கிடைத்தது.

மகளிருக்கான முதல் உலகப் போட்டி 1980இல் நியூயார்க்கில் நடந்தது. அதை நடத்தியே தீருவது என்று தன் வீட்டை அடமானம் வைத்தவர் அமெரிக்க ஜூடோ வீராங்கனை ரஸ்டி கனோகோகி. 1959இல் நியூயார்க் மாநிலத்தில் நடந்த ஓர் ஒய்.எம்.சி.ஏ. போட்டியில் முடியைக் குட்டையாக வெட்டி, மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆடவர் அணியில் இறங்கி வென்றார். "நீ பெண்ணா?" என்று கேட்டபோது ஆமென்றார், பதக்கம் பறிபோனது. அரை நூற்றாண்டு கழித்து, 2009இல், அதற்கு ஈடாக ஒரு தங்கப் பதக்கத்தை அவருக்கு அளித்தார்கள். ஆடவர், மகளிர் போட்டிகள் இரண்டும் ஒன்றாக நடக்கத் தொடங்கியது 1987இல் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில்.

இனி 'ஜூடோ'. 'ஜூ' என்றால் மென்மை, வளைந்துகொடுத்தல்; 'டோ' என்றால் வழி, நெறி. 1882இல் டோக்கியோவில் கோடோகன் பள்ளியைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, பழைய 'ஜூஜுட்சு'வில் இருந்த நுட்பம் என்னும் பொருளுடைய 'ஜுட்சு'வை நீக்கி, நெறி என்னும் பொருளுடைய 'டோ'வை வைத்தார். மென்மை என்றதும் ஏதோ நளினமான ஆட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். எதிராளி தள்ளும்போது எதிர்த்துத் தள்ளாமல், அவர் சட்டையின் கழுத்துப் பட்டையையும் கையையும் பற்றி அதே திசையில் இழுத்தால், அவருடைய விசையே அவரைக் கவிழ்க்கிறது. அவர் தோளைத் தாண்டிச் சுழன்று முதுகு விரிப்பில் அறைந்து விழ, நடுவரின் கை செங்குத்தாக உயர்கிறது: 'இப்போன்', அதாவது முழுப் புள்ளி. ஆட்டம் அத்தோடு முடிந்தது.

இதற்கு 'மென்னெறி' என்று யாராவது தமிழ் செய்யக்கூடும். பொருள் விளக்கத்துக்கு அது உதவும்; பெயராக நிற்காது. 'மற்போர்' என்பது மல்யுத்தத்துக்கு உரியது. சட்டையைப் பற்றி வீசும் ஆட்டத்துக்கு அதைக் கொடுத்தால் இரண்டும் குழம்பும். ஜூடோ ஜூடோவாகவே இருக்கட்டும். ஜப்பானிய ஒலிப்பில் இரண்டு உயிரும் நெடில். எனவே 'ஜுடோ' என்று குறிலில் எழுதுவது பிழை. கிரந்தம் வேண்டாதவர்கள் 'யூடோ' என்று எழுதலாம், நெடில் அங்கும் தப்பக்கூடாது.

சாம்பியனுக்கு மட்டும் நம்மிடம் ஆயத்தமாக ஒரு சொல் இருக்கிறது. வென்றவர் வாகைப் பூச் சூடுவது பழந்தமிழ் மரபு. 'வாகை சூடினார்' என்று விளையாட்டுப் பக்கங்கள் இன்றும் எழுதுகின்றன. வாகை போர் வெற்றிக்கு மட்டும் உரியது என்று எண்ணுவோர் தொல்காப்பியத்தைப் புரட்டிப் பார்க்கலாம்: அவரவர் தத்தம் துறையில் மேம்பட்டு விளங்குவதே அங்கே வாகை. பின்வந்த இலக்கணத்தில் அரசவாகை, வாணிகவாகை, வேளாண்வாகை என்று அது பிரிந்தே கிடக்கிறது. பிரிவுக்கு ஒரு வாகை என்பது இலக்கணத்துக்குப் புதிதில்லை என்னும்போது, எடைக்கு ஒரு வாகை என்பதில் என்ன இடர்ப்பாடு?

ஆகவே பட்டத்துக்கு 'வாகை', வென்றவருக்கு 'வாகையர்', நிகழ்வுக்கு 'வாகையர் போட்டி'. 'வாகையர்' ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானது, மரியாதை ஒருமைக்கும் பன்மைக்கும் பொருந்துவது. '57 கிலோ பிரிவின் நடப்பு வாகையர்' என்று எழுதிப் பார்த்தால் உறுத்தவில்லை. 2017 முதல் நடக்கும் கலப்பு அணிப் போட்டியில் மூன்று ஆடவரும் மூன்று மகளிரும் சேர்ந்து வெல்கிறார்கள், அவர்களும் வாகையரே.

அடைமொழியிலும் கவனம் வேண்டும். சர்வதேச ஜூடோ கூட்டமைப்பு நடத்தும் கிராண்ட் ஸ்லாம், கிராண்ட் பிரீ எல்லாம் பன்னாட்டுப் போட்டிகள்தாம், ஆனால் அவற்றில் வென்றவர் உலக வாகையர் ஆவதில்லை. இரண்டையும் 'சர்வதேச சாம்பியன்ஷிப்' என்று ஒரே பெயரில் அடைப்பது வாசகரை ஏமாற்றுவது. தலைப்பில் இடம் போதாவிட்டால் 'உலக ஜூடோ வாகை' என்று சுருக்கிக்கொள்ளலாம். செய்தியின் முதல் வரியிலாவது 'ஆடவர், மகளிர் உலக ஜூடோ வாகையர் போட்டி' என்று முழுப்பெயர் வந்துவிட வேண்டும்.