வானிடாஸ்: தற்பெருமையும் இல்லை, மாயையும் இல்லை

மண்டையோட்டைக் கையில் ஏந்தி ஒருவன் நிற்கிறான். கீழே தமிழில் 'தற்பெருமை ஓவியம்' என்று குறிப்பு. எல்லாம் அழியும் என்று நினைவூட்டும் 'வானிடாஸ்' ஓவிய வகைக்கு இந்த மொழிபெயர்ப்பை இன்னும் எத்தனை இடத்தில்தான் பார்ப்பது!

படம், டச்சு ஓவியர் ஹென்ட்ரிக் கோல்ட்சியஸ் 1614இல் பேனாவாலும் பழுப்பு மையாலும் வரைந்தது. இப்போது நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் இருக்கிறது. இறகு வைத்த தொப்பி, ஒரு கையில் மண்டையோடு, மறு கையில் டூலிப் பூ. கோல்ட்சியஸ் செப்புத்தகட்டுச் செதுக்கில் பேர்போனவர். இங்கே பேனாக் கோடுகளும் உளி இழுத்தவைபோலத் தடித்து மெலிகின்றன. கூடவே ஒரு லத்தீன் வாசகம்: 'யார் தப்புவார்? எவருமில்லை.' இதில் தற்பெருமை எங்கே வந்தது? (டூலிப்பைக் கண்டதும், ஹாலந்தில் அதன் விலை தாறுமாறாக ஏறிய வியாபாரப் பித்தை இழுப்பவர்களுக்கு: அது உச்சத்துக்குப் போனது 1637 வாக்கில். இங்கே டூலிப் வாடப்போகும் பூ, அவ்வளவுதான்.)

லத்தீனில் 'வானுஸ்' என்றால் வெறுமையானது. அதன் பெயர்ச்சொல் வானிடாஸ். பைபிளின் பிரசங்கி நூலில் மூச்சு, நீராவி என்று பொருள்படும் 'ஹெவெல்' என்ற எபிரேயச் சொல்லுக்கு லத்தீனில் இதைத்தான் போட்டார்கள். ஆங்கில 'வேனிட்டி'க்குத் தற்பெருமை என்ற பொருளும் உண்டு. நம்மவர்கள் அதை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

தமிழ் பைபிள் 'மாயை, மாயை, எல்லாம் மாயை' என்கிறது. காதுக்கு இனிமைதான், பழகியும்விட்டது. ஆனால் மாயை என்றதும் வேதாந்தம் படித்தவருக்குப் பொய்த்தோற்றம் நினைவுக்கு வரும். சைவ சித்தாந்திக்கோ அது உயிரைப் பிணிக்கும் மும்மலங்களில் ஒன்று, உலகுக்கு முதற்காரணம் (அதாவது மூலப்பொருள்), பொய்யே அல்ல. கோல்ட்சியஸின் டூலிப்பும் பொய்யில்லை. இருக்கிறது, நாளைக்கு இருக்காது. 'வெறுமை' வேர்ச்சொல்லுக்குப் பொருந்தும்; காலம் ஓடுவதை அது சொல்லாது.

குறளின் 34ஆம் அதிகாரத்தின் பெயரே நிலையாமை. 'நெருநல் உளனொருவன் இன்றில்லை' (நேற்று இருந்தவன் இன்று இல்லை) என்ற வரியை அந்த மண்டையோட்டின் பக்கத்தில் எழுதினால் ஒட்டாமல் போகுமா? தொல்காப்பியம் புறத்திணைகளில் ஒன்றான காஞ்சித்திணைக்குச் சொல்வதும் 'நில்லா உலகம்'தான். ஆகவே 'நிலையாமை ஓவியம்' என்றே எழுதலாம். சொல் கையிருப்பில் இருக்க, அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுவது சோம்பேறித்தனம்.

இதே ஆட்கள்தான் பூ, பழம், பாத்திரம் போன்ற அசையாப் பொருள்களை வரையும் 'ஸ்டில் லைஃப்' என்பதை 'அசைவற்ற வாழ்க்கை' ஆக்கியவர்கள். அதற்குத் தனியாக ஒருநாள் உட்கார வேண்டும்.