ரண ஜன்னி: காயம் பட்ட அன்றும், கட்டிலில் கிடக்கும் வாரங்களிலும்

கட்டுமானத் தளத்தில் பலகை ஆணி காலணியைத் துளைத்துப் பாதத்தில் ஏறிவிட்டால், ஊழியர்கள் பலர் முதலில் பார்ப்பது அது துருப்பிடித்த ஆணியா என்பதைத்தான். புது ஆணி என்றால் நிம்மதியாகி வேலையைத் தொடர்கிறார்கள். ரண ஜன்னி எனப்படும் டெட்டனஸ் நோய்க்குக் காரணம் துரு அல்ல. டெட்டனஸ் கிருமியின் வித்துகள் மண்ணிலும் தூசியிலும் சாணத்திலும் கிடக்கின்றன. காற்றுப் படாத இடம் கிடைத்தால் முளைக்கின்றன. துளை சிறியதாக, ஆழமாக இருந்து மேலே சீக்கிரம் மூடிக்கொண்டால், உள்ளே அப்படியோர் இடம் அமைந்துவிடுகிறது. சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் கீழே தோட்டவேலை செய்யும் பெரியவரின் விரலில் ஏறிய முள்ளும், நீரிழிவுக்காரரின் ஆறாத கால்புண்ணும் இதற்குப் போதும்.

முளைத்த கிருமி காயத்திலேயே தங்கிவிடும். அது சுரக்கும் நஞ்சுதான் நரம்பு வழியாகத் தண்டுவடம்வரை ஏறுகிறது. தசைகளை அடக்கித் தளர்த்தும் நரம்புகள் அங்கே செயலிழக்க, கட்டுப்பாடற்ற தசைகள் இறுகிக்கொள்கின்றன. நரம்பில் ஒட்டிய நஞ்சைப் பிரிக்க மருந்து இல்லை. புதிய நரம்பு முனைகள் வளர்ந்தால்தான் விடிவு, அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதனால்தான் காயம் பட்ட அன்றே கவனியுங்கள் என்று இத்தனை அழுத்திச் சொல்கிறோம்.

காயத்தை ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். மஞ்சள்தூள், காப்பித்தூள், சாம்பல் எதுவும் வேண்டாம். அவை காயத்தின் வாயை அடைத்து, கூடுதல் அழுக்கையும் உள்ளே சேர்க்கும். ஆழமாகக் குத்தி நிற்கும் பொருளைத் தளத்திலேயே பிடுங்கக் கூடாது. மருத்துவ விடுப்பு எடுத்தால் சம்பளம் போய்விடுமோ என்று சிறு காயத்தை மறைப்பவர்கள் உண்டு. வேலையில் பட்ட காயத்துக்கு மருத்துவச் செலவை முதலாளி ஏற்க வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். அன்றே மேற்பார்வையாளரிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

மருந்தகத்தில், “கடைசியாக டிடி ஊசி எப்போது போட்டீர்கள்?” என்று டெட்டனஸ் தடுப்பூசியைப் பற்றிக் கேட்பார்கள். “ஊரில் போட்டேன்” என்ற பதிலை வைத்து முடிவெடுக்க முடியாது. மொத்தம் எத்தனை தவணை, கடைசித் தவணை எந்த ஆண்டு என்பது தெரிய வேண்டும். மூன்று தவணை முடித்தவருக்குச் சுத்தமான சிறு காயம் என்றால், கடைசி ஊசி போட்டு 10 ஆண்டு ஆகியிருந்தால் மட்டும் ஒரு தவணை. மண்ணோ சாணமோ பட்ட காயம், ஆழக் குத்திய காயம் என்றால் 5 ஆண்டுதான் கணக்கு. ஒவ்வொரு கீறலுக்கும் ஊசி கேட்பது வீண்.

மூன்று தவணை முடிக்காதவர், நினைவில்லாதவர் விஷயம் வேறு. தடுப்பூசி போட்டு உடலில் எதிர்ப்புச் சக்தி உருவாக நாளாகும். இன்று பட்ட காயத்துக்கு அது உதவாது. அழுக்குக் காயம் என்றால், கையோடு, நஞ்சை முறிக்கும் எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலின் ஊசியையும் 250 யூனிட் அளவில் வேறோர் இடத்தில் போட வேண்டும். பிறகு குறைந்தது நான்கு வாரம் கழித்து இரண்டாம் தவணை, அதிலிருந்து 6 முதல் 12 மாதத்துக்குள் மூன்றாவது. காயம் ஆறியதும் இந்த இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். அடுத்த காயத்தின்போது அவர்கள் மறுபடியும் முதலிலிருந்த இடத்திலேயே நிற்கிறார்கள்.

நோய் பெரும்பாலும் 3 முதல் 21 நாளுக்குள் தலைகாட்டும். சீக்கிரம் வந்தால் கடுமையாக இருக்கும். முதல் அறிகுறி தாடை இறுக்கம். பல்வலி, கழுத்துப் பிடிப்பு என்று எண்ணித் தைலம் தேய்த்துக் காத்திருப்பதில் நாள் போகிறது. வாய் திறக்க முடியாமை, விழுங்கச் சிரமம், பலகைபோல் கெட்டியான வயிறு, சிரிப்பதுபோல் இழுபட்ட முகம் ஆகியவற்றோடு அண்மையில் பட்ட காயமும் இருந்தால் ஆம்புலன்சுக்கு 995-ஐ அழையுங்கள். இதை உறுதிசெய்ய நம்பகமான ரத்தப் பரிசோதனை கிடையாது; மருத்துவர் அறிகுறிகளை வைத்தே முடிவு செய்கிறார். ஆகவே காயத்தைப் பற்றி நீங்களே சொல்லுங்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில், இன்னும் நரம்பில் ஒட்டாத நஞ்சை முறிக்க இம்யூனோகுளோபுலின் தருகிறார்கள். காயத்தின் இறந்த சதையை வெட்டி நீக்குகிறார்கள். கிருமியை அழிக்க, பெனிசிலினைவிட மெட்ரோனிடசோலையே பலரும் விரும்புகிறார்கள். இழுப்பை அடக்க டயசெபாம் அல்லது மிடசோலம், தேவைப்பட்டால் மெக்னீசியம் சல்பேட். மெக்னீசியம் ஓடும்போது முழங்கால் அனிச்சையை, அதாவது தட்டினால் கால் தானாக உதறுகிறதா என்பதை, தாதி அடிக்கடி தட்டிப் பார்க்க வேண்டும். அது மறைந்தால் மருந்து மிகுந்துவிட்டது என்று பொருள். அதற்கு முறிமருந்தான கால்சியம் குளுக்கோனேட் அருகிலேயே இருக்கட்டும்.

தாதியர் ஒருபோதும் மறக்கக் கூடாதது ஒன்று: நோயாளிக்கு முழு நினைவு இருக்கிறது. வலிப்பு நோய்போல் நினைவு தப்புவதில்லை. உடல் வில்லாய் வளைந்து எலும்பு முறியும் அளவுக்கு இறுகும்போதும் ஒவ்வொரு நொடி வலியையும் அவர் உணர்கிறார். கதவு அறைந்து சாத்தும் சத்தம், திடீர் வெளிச்சம், சொல்லாமல் தொடுவது ஆகிய எதுவும் இழுப்பைக் கிளப்பும். மங்கிய ஒளியுள்ள அமைதியான அறை வேண்டும், ஆனால் தாதியின் கண்பார்வையில் இருக்க வேண்டும். தொடுமுன் மெல்லப் பேசிச் சொல்லுங்கள். சளி உறிஞ்சுவது, புரட்டிப் படுக்கவைப்பது, துடைப்பது ஆகியவற்றை மயக்க மருந்து வேலைசெய்யும் நேரத்தில் சேர்த்துச் செய்யுங்கள். தசையைத் தளர்த்தும் மருந்து மட்டும் கொடுத்தால் உடல் அசையாது, நினைவோ விழித்தே இருக்கும். அதைவிடக் கொடுமை வேறில்லை. மயக்க மருந்து குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இழுப்பின்போது வாயில் எதையும் திணிக்காதீர்கள். தொடங்கிய நேரம், நீடித்த நொடிகள், எதனால் கிளம்பியது, ஆக்சிஜன் அளவு ஆகியவற்றை எழுதுங்கள். குரல்வளை இறுகினால் மூச்சே நின்றுவிடும். செயற்கைச் சுவாசம் வாரக்கணக்கில் தேவைப்படலாம் என்பதால் கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்துவதைத் தள்ளிப்போடுவதில்லை. சிறுநீர் தேநீர் நிறத்துக்கு மாறினால் தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது, உடனே தெரிவியுங்கள். இரண்டாம் வாரத்தில் இழுப்பு அடங்கியதுபோல் தோன்றினாலும், ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் திடீரென ஏறி இறங்கக்கூடும். அப்போது கண்காணிப்பைத் தளர்த்தக் கூடாது.

குடும்பத்தார் கைப்பேசியை அணைத்துவிட்டு ஒருவர் ஒருவராக வரலாம். இது தொற்றிக்கொள்ளும் நோயல்ல, பயமின்றிப் பக்கத்தில் உட்காரலாம்.

ஒருமுறை வந்து பிழைத்தவருக்கு மறுபடி வராது என்ற உறுதியில்லை. நோயை உண்டாக்கும் நஞ்சின் அளவு மிகக் குறைவு, உடல் அதை அடையாளம் கண்டு எதிர்ப்பை வளர்க்க அது போதாது. எனவே தேறிவரும்போதே முதல் தவணை போட்டு, மீதித் தவணைகளின் தேதிகளை எழுதிக் கொடுத்துத்தான் வீட்டுக்கோ விடுதிக்கோ அனுப்ப வேண்டும்.