விரலை எடுத்த பிறகுதான் கணினிக்கு வேலை

"பைப் ஆர்கன் (தேவாலயங்களில் இருக்கும், காற்றால் ஒலிக்கும் குழாய்கள் கொண்ட பெரிய இசைக்கருவி) மென்பொருள் போட்டு வாசிக்கப் போகிறேன், கேமிங் கணினி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், கிராபிக்ஸ் கார்டு பிரமாதமாக இருக்கிறது, வாங்கலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கிராபிக்ஸ் கார்டுக்கு இங்கே வேலையே கிடையாது. அந்தக் காசை ரேமில் போடுங்கள், மிச்சமிருந்தால் பிராசஸரில் போடுங்கள். ஏன் ரேம் என்று கேட்டால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், எனக்கு அந்தப் பகுதிதான் ரொம்பப் பிடிக்கும்.

அடிப்படை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஹாப்ட்வெர்க், கிராண்ட்ஆர்க் மாதிரியான மென்பொருள்கள் ஒலியைத் தாமாக உருவாக்குவதில்லை. ஏதோ ஒரு தேவாலயத்தில் இருக்கும் நிஜ ஆர்கனின் ஒவ்வொரு குழாயையும் தனித்தனியாக ஒலிக்கவிட்டு யாரோ பொறுமையாகப் பதிவு செய்திருப்பார்கள். நீங்கள் கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் மிடி (இசைக்கருவியும் கணினியும் பேசிக்கொள்ளும் முறை) வழியாகச் சேதி போகும், மென்பொருள் அந்தக் குழாயின் பதிவை எடுத்து ஒலிக்கவிடும். ஆர்கனில் ஸ்டாப் என்பது ஒரே குரல் கொண்ட குழாய்களின் வரிசை. இருபது ஸ்டாப்பை இழுத்துவிட்டு ஒரே ஒரு கட்டையை அழுத்தினால் குறைந்தது இருபது குழாய்கள் பேசும்.

இப்போது கணக்கு. நொடிக்கு 48,000 மாதிரிகள் (ஒலி அலையின் உயரத்தை ஒவ்வொரு கணமும் அளந்து எழுதிய எண்கள்), ஒவ்வொன்றும் 24 பிட், அதாவது 3 பைட், இடது வலது என்று இரண்டு தடங்கள். பெருக்கினால் நொடிக்கு 2,88,000 பைட். ஒரு குழாய்க்கு எல்லாப் பதிவும் சேர்த்து 25 நொடி என்று வைத்துக்கொண்டால் சுமார் 7 எம்பி. நடுத்தர ஆர்கன் ஒன்றில் 2,000 குழாய்கள் என்றால் 14 ஜிபியைத் தாண்டிவிடும். ஆலயத்தின் பின்பக்க ஒலியையும் தனித் தடங்களாகச் சேர்த்த பதிவு என்றால் அதுவே இரட்டிப்பு. இத்தனையும் வாசிக்கத் தொடங்கும் முன்பே ரேமில் ஏறி உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஒரு குழாய்க்கு எதற்கு 25 நொடி? குழாய் ஒலிக்கத் தொடங்கி நிலைபெறும் பகுதியைச் சில நொடிகள் பதிந்துகொண்டால் போதும், அப்புறம் அதிலேயே ஒரு துண்டைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நீட்டலாம். இடத்தைத் தின்பது விரலை எடுத்த பிறகு வருகிற ஒலி. விரலை எடுத்ததும் காற்று நின்று குழாய் அடங்கிவிடும், ஆனால் கட்டடம் அடங்காது. பெரிய கல் ஆலயத்தில் ஒலி பத்து லட்சத்தில் ஒரு பங்காகத் தேய ஐந்து நொடி ஆவதெல்லாம் சாதாரணம். அந்தத் தேய்கிற வாலைத் தனியாக எடுத்து வைத்திருப்பார்கள், அதுவும் ஒரு குழாய்க்கு ஒன்று போதாது, பெரும்பாலும் மூன்று.

மூன்று எதற்கு என்றால், ஐந்து நொடி எதிரொலிக்கும் ஆலயத்தில் ஒரு கட்டையை இரண்டு நொடி அழுத்திப் பிடித்தால் கட்டடம் முழுக்க ஒலி நிரம்பிவிடும், அதன் உச்ச ஆற்றலில் 99 சதவீதத்துக்கு மேல். நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் தட்டிவிட்டு எடுத்தால் நிரம்புவது கால்வாசிதான். இப்படி அரைகுறையாக நிரம்பிய கட்டடம் தேயும் விதம் வேறு. குறுகிய தட்டலுக்குப் பின்னால் முழு வாலை ஒட்டினால், ஒலித்ததைவிட எதிரொலி பெரிதாகக் கேட்கும், காது உடனே பிடித்துவிடும். அதனால்தான் குறுந்தட்டலுக்கு ஒன்று, நடுத்தரத்துக்கு ஒன்று, நீண்ட பிடிப்புக்கு ஒன்று என்று மூன்று வால்கள். எவ்வளவு நேரம் அழுத்தினீர்கள் என்று பார்த்து, விரலை எடுத்த அந்தக் கணத்தில் மென்பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்.

தேர்ந்தெடுத்தால் போதுமா, ஒட்ட வேண்டுமே. நடு சி சுரத்தின் அலை நொடிக்கு 262 முறை ஏறி இறங்குகிறது, ஒரு சுற்றுக்கு 4 மில்லிநொடிகூட இல்லை. நீங்கள் விரலை எடுக்கும்போது அந்த அலை முகட்டில் இருக்கலாம், பள்ளத்தில் இருக்கலாம், நடுவில் எங்கேயாவது ஏறிக்கொண்டும் இருக்கலாம். அலை முகட்டில் இருக்கும்போது பள்ளத்தில் தொடங்கும் வாலை ஒட்டினால் 'டக்' என்று ஒரு சத்தம், அல்லது ஒலி ஒரு கணம் குழிவிழுந்து எழும். கிராண்ட்ஆர்க் இதற்குச் செய்வது எனக்கு மிகவும் பிடித்த தந்திரம். ஆர்கனை ஏற்றும்போதே ஒவ்வொரு வாலின் தொடக்கத்தையும் அலசி ஓர் அட்டவணை போட்டு வைத்துக்கொள்கிறது: அலையின் உயரம் இவ்வளவு, இந்தச் சரிவில் ஏறுகிறது அல்லது இறங்குகிறது என்றால், வாலை இந்த இடத்திலிருந்து தொடங்கு என்று. உயரத்தை மட்டும் பார்த்தால் ஏறுகிற அலையும் இறங்குகிற அலையும் ஒன்றாகத் தெரியும், அதனால் சரிவையும் சேர்த்துப் பார்க்கிறது. பிறகு பழையதை மங்கவைத்துக்கொண்டே புதியதை மேலே கொண்டுவந்து இழைத்துவிடுகிறது. இத்தனையும் ஒரு குழாய்க்கு, அதுவும் இருபது ஸ்டாப் திறந்திருந்தால் ஒரே கணத்தில் இருபது குழாய்களுக்கு.

இதன் விளைவைப் பாருங்கள். வலது கை நொடிக்கு எட்டு சுரம் ஓடுகிறது, திறந்திருப்பது இருபது ஸ்டாப், வால் ஐந்து நொடி. 8 × 20 × 5, மொத்தம் 800 வால்கள் ஒரே நேரத்தில் தேய்ந்துகொண்டிருக்கும். உண்மையில் அழுத்தியிருக்கும் கட்டைகள் ஐந்து என்றால் அவற்றுக்கு 100 ஒலிகள்தான். ஆக, கணினி படுகிற பாட்டில் பெரும்பங்கு நீங்கள் ஏற்கெனவே வாசித்து முடித்ததற்காக! சமாளிக்க முடியாதபோது மென்பொருள் மிகப் பழைய வால்களைச் சத்தமில்லாமல் கைவிடும், அது பெரும்பாலும் காதுக்குத் தெரியாது. ரொம்பவும் திணறினால்தான் கரகரப்பு.

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். பாரிஸ் நோத்ர்தாம் பேராலயத்தின் எதிரொலியை 2013இல் ஓர் ஆராய்ச்சிக் குழு நுணுக்கமாக அளந்து வைத்தது. இதற்கெல்லாமா பணம் செலவழிப்பது என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். 2019 ஏப்ரலில் தீப்பிடித்துக் கூரை போனபோது, முன்பு அந்த ஆலயம் எப்படி ஒலித்தது என்பதற்கு எண்களாகக் கையில் இருந்த முக்கிய ஆதாரங்களில் அந்த அளவீடும் ஒன்று. பயன் என்ன என்று முன்கூட்டியே எழுதிக்கொடுத்தால்தான் நிதி என்கிற வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை.

சரி, கணினிக்கு வருவோம். 800 வால்களும் அழுத்தியிருக்கும் கட்டைகளின் 100 ஒலிகளும் சேர்ந்த இந்த 900 ஒலிகளையும் எஸ்எஸ்டியிலிருந்து, அதாவது கோப்புகளைச் சேமித்து வைக்கும் வட்டிலிருந்து, நேரடியாகப் படித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். பியானோ மென்பொருள்கள் சில அப்படித்தான் செய்கின்றன. ஆனால் ஆர்கனில் 900 வெவ்வேறு இடங்களிலிருந்து துண்டு துண்டாக, நொடிக்கு 187 தடவை எடுத்துக் கூட்டிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதனால் ரேம்தான் வழி, எஸ்எஸ்டி ஏற்றும் நேரத்தை மட்டும் குறைக்கும். ரேம் குச்சிகளை ஜோடியாகப் போடுங்கள், இரண்டு பாதையில் படிக்கலாம். பின்னால் கூட்ட முடியாதபடி ரேமைப் பலகையோடு சேர்த்தே ஒட்டியிருக்கும் கணினி என்றால் வாங்கும்போதே தாராளமாக வாங்க வேண்டும், ஆப்பிளின் இப்போதைய கணினிகள் இந்த ரகம். 32 ஜிபியில் தொடங்கலாம், பெரிய ஆலயப் பதிவுகள்மீது ஆசை இருந்தால் 64. ரேம் போதாவிட்டால் 24 பிட்டை 16ஆகக் குறைத்து ஏற்றினால் மூன்றில் ஒரு பங்கு மிச்சம்.

பிராசஸரில் கோர் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி) நிறைய இருப்பது நல்லது, ஏனென்றால் ஒரு வாலுக்கும் இன்னொரு வாலுக்கும் சம்பந்தமில்லை, கோர்கள் பங்குபோட்டுக் கூட்டலாம். ஆனால் வேகத்தைவிடக் கெடு முக்கியம். அந்த 187 எங்கிருந்து வந்தது என்றால், சவுண்ட் கார்டின் பஃபர், அதாவது ஒரு தடவைக்கு அது வாங்கி வைத்துக்கொள்ளும் துண்டு, 256 மாதிரிகள், அதாவது 5.3 மில்லிநொடிக்கு ஒருமுறை அடுத்த துண்டு தயாராக இருக்க வேண்டும். ஒரு தடவை தவறினாலும் கரகரக்கும். பிராசஸர் 40 சதவீதம்தான் ஓடுகிறது, பிறகு ஏன் கரகரக்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் பார்ப்பது சராசரியை. வைஃபையை இயக்கும் மென்பொருளான டிரைவர் நடுவில் புகுந்து சில மில்லிநொடி பிடித்துக்கொண்டால் சராசரியில் அது தெரியவே தெரியாது. வாசிக்கும்போது வைஃபையை அணைத்துவிடுங்கள், மின்சேமிப்பையும் நிறுத்துங்கள். மெல்லிய லேப்டாப்புகள் சூடானதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், இந்த வேலைக்கு அவை வேண்டாம்.

பஃபரை 64க்குக் குறைத்தால்தான் நிஜ ஆர்கன் மாதிரி இருக்கும் என்பதும் வீண் பிடிவாதம். 5.3 மில்லிநொடியில் ஒலி காற்றில் 1.8 மீட்டர் போகும், அவ்வளவுதான். இருபது மீட்டர் தள்ளி இருக்கும் குழாய்களை வாசிப்பவருக்குக் கிட்டத்தட்ட 58 மில்லிநொடி தாமதம், அவர்கள் அதற்குப் பழகித்தான் வாசிக்கிறார்கள். அதே போல விலை உயர்ந்த யுஎஸ்பி கேபிள் போட்டால் நாதம் இனிமையாகும் என்பது சுத்தமான மூடநம்பிக்கை. கேபிளில் பிழை வந்தால் ஒலி விட்டுவிட்டு வரும், இனிமை கூடவோ குறையவோ வழியில்லை.

பார்த்து வைத்த கணினியைச் சோதிக்க வழி இருந்தால் கிராண்ட்ஆர்க் போட்டுப் பாருங்கள், இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பெரியதாக ஒரு ஆர்கனை ஏற்றி எல்லா ஸ்டாப்பையும் இழுத்துவிட்டு, முன்கையை அப்படியே கட்டைகள்மீது வைத்து அழுத்தி, சட்டென்று எடுங்கள். அழுத்தும்போது கரகரக்காமல் எடுக்கும்போது கரகரத்தால் அந்தக் கணினிக்கு வால்கள் அதிகம் என்று அர்த்தம், மென்பொருளில் ஒலிகளின் உச்ச எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு மறுபடி முயன்று பாருங்கள்.