பத்தடி அறையில் பேஸ் எங்கே போகிறது?

தைப்பூசம் நெருங்கினால் என் வாட்ஸ்அப்பில் உருமிப் பாட்டுகள் வந்து குவியும். கூடவே ஒரு செய்தியும் வரும்: "அண்ணே, வீட்டுல கேட்டா பேஸே இல்ல. காடியில (கார்ல) போட்டா கதவு அதிருது. மாஸ்டரிங்ல சரி பண்ணிடுங்க." மாஸ்டரிங் என்பது ஒலிகளைக் கலந்து (மிக்ஸ் பண்ணி) முடித்த பாட்டுக்கு நான் கொடுக்கும் கடைசி மெருகு. பேஸை, அதாவது கீழ்த்தொனியை, அதில் சரி பண்ண முடியாது தம்பி. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

இந்த முறை அனுப்பியவர் கோலாலம்பூர் செந்தூல் பையன். நல்ல மெட்டு, நல்ல குரல், உருமியையும் ஒழுங்காகத்தான் பதிவு செய்திருக்கிறார். ஆனால் பேஸ் இருக்கும் 60 ஹெர்ட்ஸ் பக்கம் ஈக்யூவை, அதாவது ஒலியை அதிர்வெண்வாரியாகக் கூட்டிக் குறைக்கும் கருவியை, கண்டபடி ஏற்றி வைத்திருந்தார். அதை நான் இறக்கினால் கிக் டிரம்மும் சேர்ந்தே மெலிந்துபோகிறது. மனசு கேட்காமல் வீட்டுக்கே போனேன்.

தெராஸ் வீட்டு மாடியில் பின்னறை. நீளம் 10 அடி, அகலம் 10 அடி, சீலிங் உயரமும் கிட்டத்தட்ட அதே 10 அடி. செங்கல் சுவர், டைல் தரை. சுவர் முழுக்க முட்டை அட்டை, அதற்கு மேல் ஓர் அங்குல ஃபோம். நாற்காலி அறைக்கு நட்டநடுவில். மேசைக்கு அடியில் தவணையில் எடுத்த சப்வூஃபர், பேஸுக்கென்றே உள்ள ஸ்பீக்கர். பேஸ் கேட்கவில்லை என்று சொன்னதும் கடையில் அதைத் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

57 ஹெர்ட்ஸில் ஒரே தொனியை ஓடவிட்டு, அவரை வழக்கமான இடத்திலேயே உட்காரச் சொன்னேன். ஏறக்குறைய ஒன்றுமே கேட்கவில்லை. அப்படியே நாற்காலியைப் பின்னால் உருட்டச் சொன்னேன். சுவரை நெருங்க நெருங்க ஒலி ஏறிக்கொண்டே வந்து, தலை சுவரில் பட்டபோது காது அடைத்தது. வால்யூமை இருவரும் தொடவில்லை.

10 அடி இடைவெளியில் எதிரெதிரே இரண்டு சுவர் இருந்தால் 57 ஹெர்ட்ஸ் அங்கே நிலை அலையாக நின்றுவிடும். சுவரோரம் பெருகும், நடுவில் அழியும். அவர் அறையில் மூன்று அளவும் ஒன்று என்பதால் மூன்று நிலை அலையும் ஒரே இடத்தில் வந்து விழுகின்றன. பேஸ் கிட்டாரில் ஏ சுரம் 55 ஹெர்ட்ஸ், ஏ ஷார்ப் 58. நடுவில் உட்கார்ந்தால் அந்த இரண்டும் காணாமல் போய், மற்ற சுரங்கள் மட்டும் கேட்கும். கை தானாக ஈக்யூவுக்குப் போகும். காடிக்குள் 57 ஹெர்ட்ஸில் விழும் அந்தப் பள்ளம் இல்லை. ஏற்றியது மொத்தமும் அங்கே வெளியே வருகிறது. சப்வூஃபராலும் இந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது. எவ்வளவு கூட்டினாலும், போகும் அலையும் திரும்பி வரும் அலையும் அதே விகிதத்தில் கூடி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

இனி முட்டை அட்டை. தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். 57 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 20 அடி. ஓர் அங்குல ஃபோமும் காகித அட்டையும் அதை என்ன செய்துவிடும்? அதற்கு அவை இருப்பதே தெரியாது. அவை தின்பது உயர் ஒலிகளை மட்டும்: சலங்கை, சிம்பல், குரலின் காற்று. அறை அமுங்கிப்போனதும் "ஆ, ஸ்டூடியோ மாதிரி இருக்கு" என்று தோன்றும். உண்மையில் மேல்பாதி செத்து, கீழ்ப்பாதி ஆட்டம் அப்படியே இருக்கிறது. பிறகு குரல் மங்கலாகக் கேட்கிறது என்று ஹையையும் ஏற்றுவீர்கள். இரண்டு பக்கமும் கெட்ட மிக்ஸ் கையில் நிற்கும். பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகாமல் தடுக்கவும் அட்டையால் ஆகாது. அதற்குக் கனமான சுவரும் அடைபட்ட இடுக்குகளும் வேண்டும், அது முற்றிலும் வேறு வேலை. இன்னொன்று, இவை தீப்பற்றும். 2003-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஓர் இரவு விடுதி மேடையில் வாணவேடிக்கைப் பொறி சுவர் ஃபோமில் பற்றி 100 பேர் இறந்தார்கள். எக்ஸ்டென்ஷன் வயர்களுக்குப் பக்கத்தில் அதே மாதிரிப் பொருளை ஒட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருகிறீர்கள். முதலில் அதைப் பிடுங்குங்கள்.

அன்று செய்ததெல்லாம் நகர்த்தியது மட்டும்தான். மேசையை முன்சுவரோடு சேர்த்தோம். தலை முன்சுவரிலிருந்து 3.8 அடியில் வரும்படி நாற்காலி. அறை நீளத்தில் 38 சதவீதம் என்பது தொடங்குவதற்கு நல்ல இடம். அங்கிருந்து ஒரு சாண் முன்னும் பின்னும் நகர்ந்து, பேஸ் சுரங்கள் சமமாகக் கேட்கும் இடத்தைப் பிடிக்க வேண்டும். ட்வீட்டர்கள் (ஸ்பீக்கரில் உயர் ஒலி தரும் சின்ன வட்டம்) சுவரிலிருந்து ஓர் அடியில், ஒன்றுக்கொன்று 3¼ அடி தள்ளி, காது உயரத்தில். சமபக்க முக்கோணம் எல்லாருக்கும் தெரியும், விடுகிறேன். ஸ்பீக்கரைப் படுக்க மட்டும் வைக்காதீர்கள்.

"சுவரிலிருந்து 3 அடி தள்ளி வைக்கணும்னு வீடியோவுல சொன்னாங்களே" என்றார். அது பெரிய அறைக்கு. சின்ன அறையில் ஸ்பீக்கரின் முகத்தை 1 மீட்டர் தள்ளினால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி சுமார் 86 ஹெர்ட்ஸில் புதிதாக ஒரு பள்ளம் தோண்டும். ஓர் அடியில் வைத்தால் அது 280 ஹெர்ட்ஸ் பக்கம் ஏறிவிடும். அங்கே ஒலியை உறிஞ்சும் தடித்த பேனல் வேலை செய்யும். சுவரோரம் பேஸ் கொஞ்சம் கூடும், அதற்குத்தான் ஸ்பீக்கரின் பின்னால் சுவிட்ச் இருக்கிறது. யமாஹா எச்எஸ்5 ஸ்பீக்கரில் ரூம் கன்ட்ரோல் என்று 0, -2, -4 டெசிபெல் போட்டிருக்கும். பலர் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பின்பக்கம் காற்றுத் துளை உள்ள ஸ்பீக்கர் என்றால் ஒரு கையகலம் இடைவெளி விடுங்கள்.

மேசையை மூலையில் போடவே கூடாது. கொண்டோ அறைகளில் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன்: இடது பக்கம் கான்கிரீட், வலது பக்கம் திறந்த கதவு. குரல் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாயும், நீங்கள் ஒலியை இடது வலதாக நகர்த்தும் பேன் குமிழை எதிர்ப்பக்கம் திருப்பி வைப்பீர்கள். நீள அறை என்றால் குறுகிய சுவரைப் பார்த்து உட்காருங்கள். துணி நிறைந்த அலமாரியும் மெத்தையும் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். மெத்தையை வெளியே தூக்கிப் போடாதீர்கள், அது உங்களுக்கு உதவுகிறது.

பணம் இருந்தால் சப்வூஃபரை விற்றுவிட்டு 4 அங்குல ராக்வுல் என்ற கல் இழைப் பலகை வாங்கித் துணி போர்த்துங்கள், அதுதான் பேனல். முதலில் மூலைகள், பிறகு பக்கச் சுவர். நண்பர் சுவரோரம் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே வரட்டும். நாற்காலியிலிருந்து பார்க்கும்போது கண்ணாடியில் ட்வீட்டர் தெரியும் இடத்தில் பேனல். நம்மூர் மழைக்கு வெளிச்சுவர் ஈரம் இழுக்கும், பேனலை ஒட்டி அடைக்காமல் இரண்டு அங்குலம் விடுங்கள். இல்லையென்றால் பின்னால் பூஞ்சை பிடிக்கும், குரல் பதிவு செய்யும் அறையில் இருமிக்கொண்டே இருப்பீர்கள்.

வாடகை அறை, எதையும் நகர்த்த முடியாது என்பவர்கள் பேஸை மட்டும் நல்ல ஹெட்போனில் சரிபாருங்கள், அதற்கு அறை கிடையாது. நகர்த்த முடிந்தவர்கள், நகர்த்திய பிறகு பழைய மிக்ஸின் மேல் ஒட்டுப்போட வேண்டாம். பேஸில் ஏற்றியதையெல்லாம் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, புதிய இடத்தில் உட்கார்ந்து மறுபடி மிக்ஸ் பண்ணி, அப்புறம் எனக்கு அனுப்புங்கள்.