வலப்பக்கக் கியர் புல்லட்டுக்குத் திரும்புகிறவர்களுக்கு

பொங்கலுக்குப் பிறகு இப்படி என் பட்டறைக்கு வந்த மூன்றாவது வண்டி இது. முன் ஃபோர்க் வளைந்திருக்கிறது. ஹெட்லைட் கூடு நசுங்கியிருக்கிறது. டேங்கில் பெயிண்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கையால் இழுத்த பொன்னிறக் கோடு பாதி உரிந்துவிட்டது. சனிக்கிழமை மாலை வண்டிக்காரரிடம் நான்தான் சாவியைக் கொடுத்தேன். ஞாயிறு காலை ஒன்பது மணிக்குள் விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. வண்டியை எடுக்க வந்தபோதே, "சார், ஒரு வாரம் மைதானத்தில் ஓட்டிவிட்டு அப்புறம் ரோட்டுக்குப் போங்கள்" என்று சொன்னேன். "அண்ணே, பதினெட்டு வயதில் அப்பாவின் புல்லட்டில் ஊரையே சுற்றியவன் நான். காலுக்கு அதெல்லாம் மறக்குமா?" என்றார்.

இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. கால் மறக்காதுதான். ஆனால் பதினெட்டு வயதில் பழகியதை மட்டுமா அது மறக்காமல் வைத்திருக்கிறது? இருபத்தைந்து வருடமாக ஆபீஸுக்கு ஓட்டிப் போன, இடது காலில் கியரும் வலது காலில் பிரேக்கும் உள்ள வண்டியையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறது. நிதானமாக ஓட்டும்போது நீங்கள் சொல்வதைக் கால் கேட்கும். குறுக்கே நாய் பாயும் நொடியில் கேட்காது. அந்த நொடியில் அது நேற்று வரை பழகிய பக்கத்துக்குத்தான் போகும்.

1955இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் நம் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்து, அடுத்த வருடம் திருவொற்றியூரில் தயாரிப்பைத் தொடங்கியபோது, அந்தக் காலத்து பிரிட்டிஷ் வழக்கப்படியே கியர் வலது காலுக்கும் பின் பிரேக் இடது காலுக்கும் வந்தன. பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் வண்டிகளில் பல பத்தாண்டுகள் அப்படியே இருந்தது. முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும். இரண்டு, மூன்று, நான்குக்குக் கீழே அழுத்த வேண்டும்.

இப்போது பாருங்கள். நாய் பாய்கிறது. பழக்கத்தில் வலது காலை ஓங்கி அழுத்துகிறீர்கள். அங்கே பிரேக் இல்லை. இரண்டாவதில் போய்க்கொண்டிருந்த வண்டி மூன்றாவதுக்குப் போகிறது. வேகத்தை இன்ஜின் இழுத்துப் பிடித்திருந்த கொஞ்ச நஞ்சப் பிடியும் விட்டுப்போகிறது. பதற்றத்தில் கிளட்சையும் பிடித்துவிட்டால் அதுவும் இல்லை. இதையே மாற்றிப் பாருங்கள். மணல் கிடக்கும் வளைவில் கியர் மாற்றுவதாக நினைத்து இடது காலை அழுத்துகிறீர்கள். பின் சக்கரம் இறுகி வழுக்குகிறது. என்னிடம் வந்த மூன்று வண்டிகளில் இரண்டு முதல் வகை, ஒன்று இரண்டாம் வகை. மூன்றிலும் வண்டியில் ஒரு குறையும் இல்லை. பிரேக் ஷூவை நானே மாற்றி, நானே ஓட்டிப் பார்த்துக் கொடுத்தவை.

"அப்படியானால் கியரை இடப்பக்கத்துக்கு மாற்றிக் கொடுங்களேன்" என்று கேட்கிறார்கள். குறுக்கே கம்பி கொடுத்து மாற்றலாம். செய்து தருகிறவர்களும் இருக்கிறார்கள். நான் செய்வதில்லை. இணைப்புகள் தேயத் தேய ஆட்டம் வரும். ஏற்கெனவே இந்தக் கியர் பெட்டி இரண்டு கியர்களுக்கு நடுவே விழாமல் நின்றுகொள்ளும் குணமுள்ளது. அதோடு இந்த ஆட்டமும் சேர வேண்டாம்.

கிக்கரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். செருப்புக் காலோடு உதைக்காதீர்கள். மின்னோட்டத்தைக் காட்டும் ஆம்மீட்டரின் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல இறக்கி, சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து இன்னும் ஒரு விரல்கடை தள்ளி, லீவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டுப் பிறகு ஒரே உதையாக முழுதாக உதையுங்கள். அரைகுறையாக உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். முழங்காலை விறைப்பாக வைத்திருந்தால் அடி நேரே மூட்டில் இறங்கும். டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், முன்னால் வைக்கப்பட்ட வண்டி இன்னும் மோசமாக அடிக்கும். வாங்கியவுடன் அந்தப் பொறியைத் தூண்டும் பாயிண்டையும் டைமிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பிரேக்கும் அப்படித்தான். 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு 2019 முதல், சக்கரம் இறுகி வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் கட்டாயம். அதில் பழகிய கைக்கு இந்த டிரம் பிரேக் பிடிக்கவில்லை என்றே தோன்றும். முன்னால் போகிற பஸ்ஸுக்கும் உங்களுக்கும் இடையே வழக்கமாக விடும் இடைவெளியை இரண்டு மடங்காக்குங்கள். தேங்கிய நீரில் இறங்கி ஏறினால், பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே கொஞ்ச தூரம் ஓட்டி டிரம்மைக் காயவையுங்கள்.

டயரில் பட்டன் நன்றாக இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். ஓரத்தில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரத்தைக் காட்டும், அடுத்த இரண்டு இலக்கம் வருடத்தைக் காட்டும். கொட்டகையில் பத்து வருடம் நின்ற டயர் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் தூக்கிப்போடுங்கள். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்சி புதுப்பித்திருக்கிறதா, இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே பாருங்கள். ஹெல்மெட்டைப் பற்றி இனியும் நான் சொல்ல வேண்டுமா?

உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், மைதானத்துக்குப் போங்கள். ஒரு வாரம், தினம் அரை மணி நேரம். கியர் மாற்றிப் பழகுவது பெரிதல்ல. அது ஒரே நாளில் வந்துவிடும். யாரையாவது நிற்கவைத்து, திடீரென்று கையைத் தட்டச் சொல்லுங்கள். தட்டியவுடன் நிறுத்துங்கள். முதல் நாளில் பத்து முறைக்கு எத்தனை முறை வலது கால் அழுத்துகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். ஒரு முறைகூட அழுத்தாத நாள் வரும்வரை ரோட்டுக்கு வராதீர்கள். அந்த ஒரு வாரம் உங்கள் மற்ற வண்டியைத் தொடாதீர்கள். அதற்குப் பிறகும் இரண்டையும் ஒரே நாளில் மாறி மாறி ஓட்டாதீர்கள்.

நேற்று அவர் மாவுக்கட்டோடு வந்து வண்டியைப் பார்த்தார். அப்பாவின் வண்டி விற்றுப்போன அன்று அம்மா அழுததைச் சொல்லிவிட்டு, கோணிய ஹேண்டில்பாரை இடது கையால் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். ஃபோர்க்கை நிமிர்த்தித் தருகிறேன், கோட்டையும் அதே பெயிண்டரை வைத்து இழுத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கட்டுப் பிரித்து, டாக்டர் சரியென்ற பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மைதானத்தில் கை தட்டப்போகிறவன் நான்தான்.